நன்றி சொல்ல விடாத விருந்து

ஷார்ஜாவில் ஜன்னத்துல் ஃபிர்தௌஸுக்கென்று ஒரு கார் சாவி உண்டு. டெஸ்டில் நாலு தடவை தோற்று, அடுத்த தடவை ஜெயித்து வாங்கிய லைசென்ஸுக்குப் பிறகு வந்த சாவி. கீழக்கரையிலும் அவளுக்குத் தாய்வீட்டில் மாடிப் பங்கு இருக்கிறது. ஆனால் கீழே அடுப்படி முழுக்க அவளுடைய லாத்தா உம்மு சல்மாவின் ராஜ்யம். உப்பு டப்பாவை இடம் மாற்றி வைத்தாள் என்பதற்காக ஒரு நோன்பு மாதம் முழுக்கத் தங்கச்சியோடு பேசாமல் இருந்த லாத்தா அவள். ஊருக்குத் திரும்பிப் போவது என்று யாராவது தொடங்கினாலே ஃபிர்தௌஸ் பேச்சை மாற்றிவிடுவாள்.

அவள் மாப்பிள்ளை காதர் மைதீன் ஷார்ஜா தொழில்பேட்டையில் பழைய கார் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். நல்ல மனுஷர். ஆனால் நன்றி என்ற சொல் அவர் குடும்பத்தில் கிடையாது. அவருடைய வாப்பாவும் சொன்னதில்லை, பினாங்கில் கடை வைத்திருந்த பெரியவாப்பாவும் சொன்னதில்லை. சோறு நன்றாக இருந்தால் இன்னொரு அகப்பை கேட்பார்கள். அதோடு சரி. நன்றியெல்லாம் வெளி ஆட்களுக்கு, கஸ்டம்ஸ்காரனுக்கு.

இவர்களுடைய மகள் மின்ஹா அமெரிக்கப் பாடம் நடத்துகிற பள்ளிக்கூடத்தில் ஆறாவது படிக்கிறாள். நவம்பரில் டீச்சர் ஒரு வேலை கொடுத்தாள். அமெரிக்காக்காரர்கள் வான்கோழி சமைத்துக் குடும்பத்தோடு உட்கார்ந்து நன்றி சொல்கிற பண்டிகை வருகிறது. அதே மாதிரி வீட்டில் விருந்து வைத்து, ஒவ்வொருவரும் மற்றவர் முகத்தைப் பார்த்து நன்றி சொல்வதை வீடியோ எடுத்து வர வேண்டும். மகள் கேட்டு இல்லை என்று சொல்லத் தெரியாத காதர் மைதீன் சரி என்றுவிட்டார். பிறகுதான் வாய் வராது என்று அவருக்கு உறைத்தது. ஒத்திகை பார்க்க ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை காலை ஃபிர்தௌஸ் டீயை நீட்டினாள். அவர் எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, "டீக்கு நன்றி" என்றார்.

அவள் டீயை மேசையில் வைத்துவிட்டு அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

வளைகுடாவில் யாருக்கு எப்போது நன்றி சொல்வார்கள் என்பது ஃபிர்தௌஸுக்கு நன்றாகவே தெரியும். அவளுடைய கூடப்பிறந்த அண்ணன், பெரிய காக்கா, சவூதியில் தம்மாமில் பர்னிச்சர் கடையில் கிழடு தட்டும்வரை நின்றார். ஒருநாள் அவருக்கு விசா கொடுத்த அரபி கஃபீல் கட்டிப்பிடித்து நன்றி சொல்லி, கையில் ஒரு வாட்சும் கட்டிவிட்டான். அடுத்த வாரம் எக்ஸிட் அடித்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். சாச்சி மருமகனுக்கு யான்புவில் கம்பெனியே பிரியாணி போட்டு, கப்பல் படம் போட்ட கேடயமும் கொடுத்து நன்றி சொன்னது. அந்தக் கேடயம் இன்றைக்கும் ஊரில் காற்றுக்குக் கதவு அடிக்காமல் முட்டுக் கொடுக்கிறது. இங்கே நன்றி என்றால் பெட்டியைக் கட்டு என்று அர்த்தம். அதோடு விருந்தும் சேர்ந்துவிட்டால் டிக்கெட் போட்டாச்சு என்று அர்த்தம்.

அவளுடைய விசாவும் இந்த மாதம் முடிகிறது. போன நோன்பில் அவர் ஒருதரம், "போதும் புள்ள, ஊருக்குப் போயிடலாம்" என்று சொல்லியும் இருந்தார்.

"ஸ்கூல் ப்ராஜெக்ட்தான் உம்மா, ஜஸ்ட் அ டின்னர்" என்றாள் மின்ஹா.

வாப்பாவும் மகளும் கூட்டு என்று நினைத்துக்கொண்டாள் ஃபிர்தௌஸ். அமெரிக்காக்காரன் பண்டிகைக்குக் கீழக்கரைக்காரன் எதற்கு ஆடவேண்டும்? சந்தேகம் தீர லாத்தாவுக்குப் போன் போட்டாள்.

"எனக்கும் நேத்து பேசினாருடி" என்றாள் உம்மு சல்மா. "'மச்சி, நீங்க செஞ்சதுக்கெல்லாம் நன்றி'ங்கிறாரு. நான் பயந்துபோயி அவரு பேருக்கு யாசீன் ஓதச் சொல்லிட்டேன். உடம்புக்கு ஏதும் முடியலையா? இல்ல, நீ இங்க வர்றியா? வர்றதுன்னா இப்பவே சொல்லு. ஒன் மாடில நெல்லிக்கா காயப் போட்டிருக்கேன், அள்ளணும்."

ஃபிர்தௌஸ் போனை வைத்துவிட்டு யோசித்தாள். யோசித்து ஒரு முடிவுக்கும் வந்தாள். சபையில் வாய்விட்டுச் சொன்னால்தானே ஹலாஸ், கதை முடிந்தது? அவரைச் சொல்லவிடக் கூடாது. வாயில் சோறு இருந்தால் எப்படிச் சொல்வார்?

அமெரிக்காக்காரனுக்கு வியாழக்கிழமை. காதர் மைதீன் வீட்டில் வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகைக்குப் பிறகு. வான்கோழி உறைந்துபோய் வந்தது. அதைக் குளியலறை வாளியில் ஊறவைத்து, இஞ்சி பூண்டு மிளகு தடவி, வயிற்றில் நெய்ச்சோறும் அவித்த முட்டையும் அடைத்துத் தைத்தாள். ஓவனில் வைத்தால் இரண்டு காலும் வெளியே நீட்டிக்கொண்டு கதவு சாத்தவில்லை. தொழில்பேட்டையில் மந்தி என்ற அரபிக் கறிச்சோறு விற்கிற கடை ஒன்று உண்டு. அங்கே தரையில் தோண்டிய அடுப்புக்குள் முழு ஆட்டையே இறக்குவார்கள். அங்கே வேகவைத்து வரலாம் என்று வான்கோழியைத் தாம்பாளத்தோடு தூக்கிக் காரின் முன் சீட்டில் வைத்தாள். வண்டி கீ கீ என்று கத்தத் தொடங்கியது. ஆள் உட்கார்ந்திருப்பதாக அதற்கு நினைப்பு. வான்கோழிக்கு பெல்ட் போட்டுவிட்டாள். சத்தம் நின்றது.

"நீயாவது எங்கூட வாயேன் கீழக்கரைக்கு" என்று சிக்னலில் நின்றபோது அதனிடம் சொன்னாள். பக்கத்து லாரி டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

மதியம் வரவேற்பறைத் தரையில் சாப்பாட்டு சுப்ரா விரித்து, நடுவில் பெரிய சஹன் தட்டில் நெய்ச்சோறு, அதன்மேல் வான்கோழி. மின்ஹா போனை ஜன்னலில் சாய்த்து வைத்தாள். அந்த நேரம் கடையில் வேலை பார்க்கும் பன்னீர்செல்வம் வந்தார். அரியலூர்க்காரர். புதுச் சட்டை போட்டு, கையில் பெரிய சூட்கேஸோடு வந்திருந்தார்.

"என்ன பன்னீர், பெட்டி?" என்றார் காதர் மைதீன்.

"நீங்கதான பாய், செவ்வாக்கிழம, 'எல்லாத்துக்கும் நன்றிப்பா'ன்னீங்க? ஊருக்குப் போன் போட்டு எம் பொண்டாட்டி பஞ்சவர்ணத்துக்கிட்ட சொன்னேன், அழுதுடுச்சு. இன்னைக்கு விருந்துன்னதும் ஏர்போர்ட்டுக்கு இப்படியே போயிடுவோம்னு வந்துட்டேன்."

"ஆக எனக்கு மட்டுமில்ல" என்று முணுமுணுத்தாள் ஃபிர்தௌஸ்.

காதர் மைதீன் விளக்கம் சொல்வதற்குள் மின்ஹா, "ரெக்கார்டிங்! வாப்பா, ஸ்டார்ட்!" என்றாள்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஃபிர்தௌஸ், இத்தன வருஷமா நீ எனக்கு..."

வாயில் ஒரு பிடி நெய்ச்சோறு விழுந்தது.

மென்று விழுங்கினார். "நீ எனக்கு..."

அவித்த முட்டை. முழுசாக.

"உம்மா! வாட் ஆர் யூ டூயிங்?"

"வாப்பாவுக்குப் பசி."

"நீ..." என்றார் அவர். இந்தத் தடவை வான்கோழியின் கழுத்துத் துண்டு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. அதைப் பார்த்துப் பன்னீர்செல்வம், முதலாளி பிரிவு தாங்காமல் அழுகிறார் என்று நினைத்துத் தானும் அழ ஆரம்பித்தார்.

காதர் மைதீன் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "கொல்லப் பாக்கறியா புள்ள? என்னதான் வந்துச்சு ஒனக்கு?"

"என்னைய ஊருக்கு அனுப்பத்தானே இந்த விருந்து? நன்றி சொல்லி அனுப்ப நீங்க என்ன கஃபீலா? நான் போகமாட்டேன். லாத்தா என் மாடில நெல்லிக்கா காயப் போட்டிருக்கா. நான் எங்க படுக்க?"

அவர் வாயைப் பிளந்தபடி அவளைப் பார்த்தார். யாரும் அதில் எதையும் போடவில்லை. பிறகு தொழுகைச் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார். "ஒன் விசா போன வாரமே ரினியூ ஆயிடுச்சு. பாத்துக்க. நன்றி சொல்லி முடிச்சதும் காட்டலாம்னு வச்சிருந்தேன். பன்னீருக்கும் புது விசா அடிச்சாச்சு."

பன்னீர்செல்வம் சூட்கேஸை மெதுவாக முதுகுக்குப் பின்னால் தள்ளினார்.

ஃபிர்தௌஸ் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். தேதியைப் பார்த்தாள், தன் போட்டோவைப் பார்த்தாள். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வான்கோழியின் பெரிய காலைப் பிய்த்து அவர் பக்கம் வைத்தாள். அவர் பாதிக் காலைத் தின்றுவிட்டு, "இன்னும் ஒரு அகப்பை சோறு வை" என்றார்.

"வாப்பா, யூ ஸ்டில் டிட்ண்ட் சே இட்" என்றாள் மின்ஹா.

"சொல்லிட்டாரு" என்றாள் ஃபிர்தௌஸ். "போனை நிறுத்து."

வெயில் தாழ்ந்ததும் சாவியை எடுத்தாள். பன்னீர்செல்வத்தையும் சூட்கேஸையும் அவர் ரூம் வாசலில் இறக்கிவிட்டாள். அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு, "ரொம்ப நன்றிம்மா" என்றார்.

வண்டியை நகர்த்திய ஃபிர்தௌஸ் சட்டென்று பிரேக்கை மிதித்தாள். "ஏன், நீங்க எங்க போறீங்க?"

"ரூமுக்குத்தாம்மா."