கடைசித் தொட்டி

மாடிப் பூந்தொட்டிகளுக்குத் தானாகச் சொட்டும் குழாய் போட்டான் மகன். ஈரமண் வாசனை எழுந்ததும் எனக்கு ஒன்பது வயதாகிவிட்டது.

வாய்க்காலில் எங்கள் முறைத் தண்ணீர் வரும் நாளில், வயல் மடையை யாரும் அடைத்துவிடாமல் காக்க அப்பா என்னை வரப்பில் உட்கார வைப்பார். ஒருநாள் கடைசி வயல் அஞ்சலை அத்தை வந்தார்.

"நாத்து கருகுதுடி தங்கம். செத்த நேரம் விடேன்."

மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. நானே மண்ணை அள்ளி எங்கள் மடையை அடைத்தேன்.

"வாயில என்னடி, கொழுக்கட்டையா?" என்று அப்பா கத்தினார். ஆனால் அத்தையின் நாற்று நனையும்வரை அந்த மண்ணை அவர் எடுக்கவில்லை.

"கடைசித் தொட்டிக்குத் தண்ணி எட்டலம்மா. அந்தக் கனகாம்பரம் போனாப் போவுது" என்றான் மகன்.

அவன் இறங்கிப் போனதும், முன்னால் இருந்த இரண்டு தொட்டிகளுக்குப் பிரியும் குழாய்களைக் கையால் மடக்கிப் பிடித்தேன். கனகாம்பரத்தில் முதல் சொட்டு விழுந்தது.