பச்சைப் படுதாவும் பதினாறாம் வாய்ப்பாடும்

ஆண்கள் கண்ணில் படாமல் கோஷா அனுசரிக்கும் பெண்கள் படிக்கும் பள்ளியைப் பெண் இன்ஸ்பெக்டர்தான் பார்வையிட வேண்டும். தவிர்க்க முடியாமல் ஆண் அதிகாரி போக நேர்ந்தால் முன்கூட்டியே தகவல் கொடுக்க வேண்டும்; போன பிறகும் படுதாவுக்கு இந்தப் பக்கமே உட்கார வேண்டும். அந்த நாளில் விதி அப்படித்தான் இருந்தது. எத்தனையாவது விதி, எந்த உட்பிரிவு என்றுகூட ஒரு காலத்தில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்லுவேன். இப்போது எழுபது கடந்துவிட்டது. தூக்கத்தில் எழுப்பினால் கோபம்தான் வருகிறது.

போன வாரம் பென்ஷன் ஆபீசில் அந்த விதி ஞாபகத்துக்கு வந்தது. வருஷத்துக்கு ஒருமுறை பென்ஷன்காரன் தான் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். எனக்குக் காய்ச்சல். ஆகவே நான் உயிரோடு இருக்கிறேன் என்று நானே எழுதிக் கையெழுத்திட்டு எதிர்வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்பினேன். அவர் போன வேகத்தில் திரும்பி வந்தார். "லெட்டர் செல்லாதாம் சார். நேர்ல வந்து மூஞ்சியக் காட்டணுமாம்."

படுக்கையில் கிடப்பவனுக்கு ஒரு கெஜட்டட் அதிகாரி சான்று தந்தால் போதும் என்று விதி இருக்கிறது. ஆனால் எனக்குத் தெரிந்த கெஜட்டட் அதிகாரிகள் எல்லோரும் அப்படியொரு சான்றைத் தாங்களே வாங்க முடியாத இடத்துக்குப் போய்விட்டார்கள். காய்ச்சலோடு ரிக்‌ஷா ஏறினேன். வரிசை நகர்ந்து மேஜைக்கு முன்னால் போய் நின்றதும் குமாஸ்தா தலையைத் தூக்காமல், "வந்துட்டீங்களா? சரி" என்று முத்திரையைக் குத்தினார். மூஞ்சியை அவர் பார்க்கவே இல்லை.

வரிசையில் எனக்கு முன்னால் நின்றிருந்த பெரியவர் ரோஜா அத்தர் பூசியிருந்தார். வியர்வையும் பழைய காகிதமும் நாறும் அந்தக் கூடத்தில் அந்த வாசனை மட்டும் தனியாக நின்றது. உடனே நான் கச்சேரி ரோட்டில் காதர் பாயின் அத்தர்க் கடை வாசலில் இருந்தேன்.

கடை என்று பெயர்தான். இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் தெருவில் நிற்க வேண்டும். நான் அப்போது மயிலாப்பூரில் ஓர் எய்டட் பள்ளியில் வாத்தியார். அத்தர் பூசிக்கொள்ளும் சம்பளம் இல்லை. மாதம் ஒருமுறை அங்கே நான் போனது சங்கத்துச் சந்தாவுக்காக. காதர் பாயின் அக்கா ஹமீதா பீ, மசூதிக்குப் பின்னால் ஒரு சந்தில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்திவந்தார். எங்கள் வட்டார ஆசிரியர் சங்கத்தில் அவரும் மெம்பர். நான் காரியதரிசி. கோஷா அனுசரிப்பவர் கூட்டத்துக்கு வருவதற்கில்லை. சந்தா மட்டும் தம்பியின் கையில் வரும். அதனால் சங்கத்தின் தகரப் பெட்டியைத் திறந்தால் ரோஜா மணக்கும். தலைவர் வைத்தியநாதய்யர், "என்ன ஓய், பெட்டிக்குள்ளே கல்யாணம் நடக்கறதா?" என்பார்.

அந்தப் பள்ளிக்கு ஓரிரு முறை நான் போயிருக்கிறேன், நடைவரைக்கும். உள்ளேயிருந்து உருதுவும் தமிழும் மாறி மாறிக் கேட்கும். ஹமீதா பீயின் குரல் கதவுக்குப் பின்னாலிருந்து வரும், நிதானமாக, கொஞ்சம் கரகரப்பாக. அந்த அம்மாளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் குரல்தான். முகத்தைக் கடைசிவரை பார்த்ததில்லை.

பிறகு சிக்கனம் வந்தது. முப்பதுகளின் ஆரம்பம். உலகம் முழுவதும் பணமுடை என்று பத்திரிகைகள் எழுதின. சர்க்காருக்குப் பணமுடை வந்தால் முதலில் ஞாபகம் வருவது பள்ளிக்கூடம். புதிய கொள்கை வந்தது: வாத்தியார் சம்பளத்தில் குறைப்பு, பிள்ளைகள் குறைவான சின்னப் பள்ளிகளை மூடுவது, பெண் இன்ஸ்பெக்டர் பதவிகள் சிலவற்றை எடுத்துவிடுவது. எங்கள் டிவிஷனில் இருந்த இன்ஸ்பெக்டர் அம்மாளும் போய்விட்டார். கோஷாப் பள்ளிக்குப் பெண் இன்ஸ்பெக்டர்தான் போக வேண்டும் என்ற விதியை மட்டும் யாரும் எடுக்கவில்லை. அது பத்திரமாக இருந்தது.

சின்னப் பள்ளிகளில் பிள்ளைகளை எண்ண ஒரு ஜூனியர் இன்ஸ்பெக்டரை அனுப்பினார்கள். கெட்டவர் இல்லை. ஒரு வாரத்துக்குள் டிவிஷன் முழுவதையும் எண்ணி முடிக்கச் சொன்னால் யார்தான் முன்தகவல் அனுப்பிக்கொண்டிருப்பார்கள்? ஒரு காலை நேரத்தில் ஹமீதா பீயின் பள்ளி நடையில் நின்று கனைத்தார். ஆண்குரல் கேட்டதும் பெண்கள் உள்கதவு வழியாகப் பக்கத்து வீட்டுக்குள் ஓடிவிட்டார்கள். அவர் உள்ளே எட்டிப் பார்த்தபோது இருந்தவை பாய்களும், கோவை இலை போட்டுத் தேய்த்து இன்னும் ஈரம் உலராத சிலேட்டுகளும். "பிள்ளைங்க இருக்காங்க ஐயா, பக்கத்துலதான் இருக்காங்க" என்று ஹமீதா பீ கதவுக்குப் பின்னாலிருந்து சொல்லியிருக்கிறார். அதை எழுதப் படிவத்தில் இடமில்லை. 'பிள்ளைகள் ஒருவரும் இல்லை' என்று எழுதிவிட்டுப் போனார். பார்த்ததை எழுதினார், பொய் சொல்லவில்லை.

அடுத்த மாதம் அங்கீகாரம் ரத்து என்று காகிதம் வந்தது. அங்கீகாரம் இல்லையென்றால் சர்க்கார் தரும் கிராண்ட் பணம் இல்லை. கிராண்ட் இல்லையென்றால் பள்ளி இல்லை. அந்தப் பெண்களை வேறு பள்ளிக்கு அனுப்ப அவர்கள் வீடுகளில் சம்மதிக்க மாட்டார்கள். ஹமீதா பீயின் பள்ளி, இல்லாவிட்டால் அடுப்படி. மூன்றாவது வழி கிடையாது.

காதர் பாய் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு என் பள்ளிக்கே வந்துவிட்டார். "இன்னா சாரே இது அக்குறும்பு? பசங்க கீறாங்க. உங்காளு கண்ணுக்குத் தெரில. அதுக்கு ஸ்கூல மூடுவாங்களா?"

"என் ஆளு இல்லை பாய். சர்க்கார் ஆளு."

"கோட்டு போட்டுகினு கையில பேனா வச்சிருந்தா எல்லாம் உங்காளுதான்."

என் கோட்டுப் பையில் பேனா இருந்தது.

சங்கக் கூட்டம் குளத்தங்கரைக்கு அருகில் ஒரு காபி கிளப்பின் மாடியில் நடக்கும். கீழே காபிக்கொட்டை வறுபடும் வாசனை மேலே வந்து, தீர்மானங்களைச் சீக்கிரம் முடிக்கத் தூண்டும். அன்று தூண்டவில்லை. சம்பளக் குறைப்பை எதிர்த்து மகஜர் தயாராக இருந்தது. அதில் இந்தப் பள்ளியையும் சேர்க்க வேண்டும் என்றேன்.

வைத்தியநாதய்யர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஓய், நன்னா யோசிச்சுப் பாரும். நம்ம வயித்துப்பாட்டைச் சொல்லிண்டு போறோம். இதையும் அதோட முடிஞ்சுண்டா ரெண்டையும் சேர்த்துக் குப்பையிலே போட்டுடுவான்."

பின்வரிசையிலிருந்து டிரில் மாஸ்டர் எழுந்தார். "அந்தம்மாவ யார்னா பாத்துகிறீங்களா நைனா? அப்டி ஒருத்தங்க கீறாங்கன்னு இன்னா கேரண்டி?"

மாடி முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன்போலிருக்கிறது. தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வராத மெம்பரின் பெயர் நீக்கப்படும் என்று எங்கள் சங்கத்துக்கும் ஒரு விதி உண்டு. எழுதியவன் நான்தான். வருகைக்கு விதி எழுதும்போது, வர முடியாதவர்கள் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. அன்று யாராவது அந்த விதியைக் கிளப்பிவிடப் போகிறார்களே என்று வேறு விதிகளை வேகவேகமாகப் படித்தேன். படித்தவர்கள் கூட்டத்தில் விதிகளை வேகமாகப் படித்தால் எதிர்ப்பு அடங்கிவிடும். கடைசியில், சம்பள மகஜர் முதலில் போகட்டும், இது தனியாகப் பின்னால் போகட்டும் என்று முடிவாயிற்று. சின்னப் பள்ளிகள் மூடினால் மிச்சமாகும் பணத்தில் தங்கள் குறைப்பு குறையக்கூடும் என்று பலர் மனதில் இருந்தது. அதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்த நாகரிகம் எங்களிடம் இருந்தது.

பள்ளிக்கான மகஜரும் முறையான வழியாகத்தான் போக வேண்டும். முறையான வழி என்றால், யாருடைய ஆபீசின் மேல் புகாரோ அவருடைய ஆபீஸ் வழியாக. போயிற்று. பல மாதம் கழித்து, தாமே நேரில் வந்து பார்ப்பதாக டெபுடி இன்ஸ்பெக்டர் எழுதினார். இந்த முறை முன்தகவல், படுதா எல்லாம் விதிப்படி.

படுதா காதர் பாய் கொண்டுவந்தது. கெட்டியான பச்சைத் துணி. நடைக்கும் உள்கூடத்துக்கும் நடுவே கட்டினார். இந்தப் பக்கம் டெபுடி இன்ஸ்பெக்டருக்கு நாற்காலி, எனக்கு முக்காலி. அந்தப் பக்கம் வளையல் சத்தம், அடக்கிய சிரிப்பு, "ஷ்" என்ற ஹமீதா பீயின் அதட்டல். துணிக்கு அடியில் மருதாணி விரல்கள் சிலேட்டுகளை ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் தள்ளின. கையெழுத்து அழகாக இருந்தது. பிறகு ஒவ்வொரு பெண்ணாகப் பெயர் சொல்லி, பாடம் படித்தாள்.

நாலைந்து பேர் படித்ததும் டெபுடி இன்ஸ்பெக்டர் கையைக் காட்டினார். "இருங்கம்மா. ஒரே பொண்ணே குரலை மாத்தி மாத்திப் படிச்சா நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

நான் அவர் காதருகே குனிந்தேன். "சார், யாராவது ஒரு ஸ்திரீயை உள்ளே அனுப்பி எண்ணச் சொல்லலாமே?"

"யாரை? எண்ணுறவங்க ஆபீசரா இருக்கணும். பொம்பளை ஆபீசர் போஸ்டைத்தான் எடுத்துட்டாங்களே."

முதல் நாளே வைத்தியநாதய்யரிடம் கேட்டிருந்தேன், அவர் வீட்டு மாமியாவது வந்து எண்ணி ஒரு சாட்சி சொன்னால் தேவலை என்று. "ஆத்துல கேட்டுண்டு சொல்றேன்" என்றார். அப்புறம் சொல்லவே இல்லை.

படுதாவுக்குப் பின்னாலிருந்து ஹமீதா பீ பேசினார். "அப்ப எல்லாரையும் ஒண்ணா சொல்லச் சொல்றேன் ஐயா. ஒரே பொண்ணுக்கு அத்தனை தொண்டை இருக்காதில்ல?"

பதினாறாம் வாய்ப்பாடு. 'ஓர் பதினாறு பதினாறு' என்று ஒரே வீச்சில் ஆரம்பித்தது. கீச்சுக் குரல், தடித்த குரல், ஒரு வரி பின்தங்கி ஓடிவந்து சேரும் குரல். படுதா அசைந்தது. சந்தில் போன ஜட்கா நின்றது. பால்காரர் சொம்போடு வாசலில் நின்றார். எத்தனை பேர் என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு வீடு நிறைய இருந்தார்கள். கடைசி வரி முடிந்ததும் டெபுடி இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் பேனாவைத் திறக்காமல் வைத்திருந்தார். அவருக்கும் வீட்டில் பெண்கள் இருந்திருக்க வேண்டும். பிறகு திறந்து எழுதினார்: 'குரல்கள் கேட்டன. எண்ணிக்கையை நிச்சயிக்க இயலவில்லை. குரலை வருகையாகக் கொள்ளலாமா என்பதற்கு உத்தரவு வேண்டப்படுகிறது.'

நல்ல குறிப்புதான். ஒரு காகிதத்தை எந்தப் பைல் கட்டிலும் அடங்காமல் அலைய வைக்க அதைவிட நல்ல குறிப்பு எழுத முடியாது.

கிராண்ட் இல்லாமலே ஹமீதா பீ பள்ளியை நடத்தினார். நான் நினைவூட்டல் எழுதினேன்; நினைவூட்டலுக்கு நினைவூட்டல் எழுதினேன். பெரிய பெண்கள் ஒவ்வொருவராகக் கல்யாணமாகிப் போனார்கள். அங்கீகாரமில்லாத பள்ளிக்குச் சின்னப் பெண்களை யாரும் புதிதாக அனுப்பவில்லை. ஒரு மத்தியானம் என் பள்ளி வாசலில் திரை போட்ட ஜட்கா ஒன்று வந்து நின்றது. காதர் பாய் முன்னால் உட்கார்ந்திருந்தார். "ஆபா வாணியம்பாடிக்குப் போவுது சார். அங்க பெரிய ஆபா வூட்ல இருந்துக்கும்" என்றார். ஆபா என்றால் அக்கா. திரைக்குள்ளிருந்து அந்தக் கரகரத்த குரல் வந்தது.

"பதில் வந்தா தம்பிகிட்டச் சொல்லுங்க சார். இன்னொண்ணு. நான் வரலேன்னு சங்கத்துல என் பேரை அடிச்சிடாதீங்க."

அடிக்க மாட்டேன் என்றேன். நான் காரியதரிசியாக இருந்தவரை அடிக்கவில்லை. பிறகு எங்கள் சங்கம் பெரிய சங்கம் ஒன்றோடு இணைந்தது. புதிய காரியதரிசி சுறுசுறுப்பானவர். மூன்று கூட்டங்களுக்கு வராதவர்களை விதிப்படி நீக்கினார். என் விதி, நன்றாக எழுதப்பட்ட விதி. அவர்மேல் குற்றம் சொல்ல முடியவில்லை.

இப்போது கச்சேரி ரோட்டில் அத்தர் கடை இல்லை. ஜட்காக்கள் போய்விட்டன. காபி கிளப் இருந்த இடத்தில் ஒரு பாங்கு. தகரப் பெட்டி துருப்பிடித்து, ரோஜா மணம் போய், வீடு மாற்றும்போது தொலைந்தது. அந்தச் சந்துக்குள் போய்ப் பார்த்தேன். எந்த வீடு என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. அந்த வாய்ப்பாட்டை நின்று கேட்டவர்களில் இன்று யார் இருக்கிறார்கள் என்றும் தெரியாது.

பதில் மட்டும் இருக்கிறது. பள்ளி நடந்துகொண்டிருக்கும் பட்சத்தில், படுதாவுக்குப் பின்னாலிருந்து வரும் குரல்களை வருகையாக ஏற்றுக்கொள்ள இலாகாவுக்கு ஆட்சேபம் இல்லை என்று அது சொல்கிறது. வந்த அன்றே எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். பள்ளி நடந்த சந்து வீட்டில் அப்போது கரி மூட்டை அடுக்கியிருந்தார்கள்.

"இன்னா சார் எழுதிகிறாங்க?"

"குரல் போதுமாம் பாய்."

காதர் பாய் கையிலிருந்த அத்தர்ப் புட்டியை மூடி வைத்தார். "போதும்தான். அந்தக் குரலுங்க எங்க சாரே இப்போ?"

காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் வழக்கப்படி அதன் மூலையில் பதில் கிடைத்த தேதியைக் குறித்தேன்: 1933, ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை.