கம்மலைத் தர மறுத்த அத்தை

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு வைகாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது இது. அனுப்பர்பாளையத்தில் எங்கள் வீட்டு வாசலில் கார் தயாராக நிற்கிறது. டிக்கி நிறையத் தாம்பாளங்கள். பழம், இனிப்பு, கல்கண்டு, மாலை, குழந்தைக்குப் பட்டுப் பாவாடை என்று ஒரு கல்யாணத்துக்கு ஆகிற மாதிரி அடுக்கி வைத்திருந்தோம். என் கணவருடைய தங்கை மகளுக்கு அன்றைக்குக் காதுகுத்து. மூலனூர்ப் பக்கம் அவர்களுடைய குலதெய்வக் கோயிலில், ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம்.

எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் தாய்மாமன்தான் எல்லாம். குழந்தையை அவர் மடியில்தான் உட்கார வைப்பார்கள். அவர் கொண்டுவரும் கம்மலைத்தான் காதில் போடுவார்கள். அந்தக் கம்மல் என் கைப்பையில், ஒரு சின்னச் சிவப்பு டப்பாவில் இருந்தது. பட்டுச் சட்டையும் புது வேட்டியுமாக என் கணவர் மாப்பிள்ளை மாதிரி நின்றார். "என்ன மாமா, மறுபடியும் பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்று நான்கூடக் கிண்டல் செய்தேன்.

கடைசியாகத் தேங்காய்த் தட்டைத் தூக்கப் போனவர், அதை அப்படியே வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். நெஞ்சைத் தேய்த்துக்கொண்டார். "கேஸ் புள்ள. ராத்திரி தின்ன பரோட்டா வேலையக் காட்டுது" என்றார். எனக்கு அவர் சொன்னது காதில் விழவில்லை. விடிந்தும் விடியாத அந்தக் குளிர்ச்சியில் அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்ததைத்தான் பார்த்தேன். நாள் முழுக்க நிட்டிங் மிஷின் ஓடும் ஷெட்டுச் சூட்டில் நிற்கிற மனுஷன். அங்கேயே இப்படி வேர்த்து நான் பார்த்ததில்லை.

கார் ஓட்ட வந்திருந்தவர் அவருடைய பெரியப்பா மகன், அவருக்கு அண்ணன் முறை. நல்ல மனிதர், எல்லாக் காரியத்துக்கும் முன்னால் நிற்பவர். "ஒரு சோடா குடிச்சா சரியாப் போயிரும் அம்மிணி" என்றார். "வண்டிய மொதல்ல ஆஸ்பத்திரிக்கு உடுங்க மாமா" என்றேன் அவரிடம். சோடாவுக்கு வழியிலே கடை இருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டேதான் வண்டியை எடுத்தார்.

பத்து நிமிஷத்தில் பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரி. சந்தனப் பொட்டோடும் பட்டுச் சட்டையோடும் படுத்தவரைப் பார்த்து நர்ஸ் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டையைக் கழற்றி, வயரெல்லாம் ஒட்டி, ஈசிஜி எடுத்தார்கள். ரத்தமும் எடுத்தார்கள். டூட்டி டாக்டர் ஒரு சின்னப் பெண். தெற்கத்திப் பேச்சு. சிகரெட் உண்டா, சுகர் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தவர், "அப்பா எப்படித் தவறினாங்க?" என்றார்.

"வயசாகிப் போயிட்டாருங்க" என்றார் என் கணவர், கூசாமல்.

"அம்பதுகூட ஆகலீங்க டாக்டர். நெஞ்சு வலிக்குதுன்னு படுத்தவருதானுங்க, எந்திரிக்கவே இல்லீங்க" என்றேன் நான். அவர் என்னை ஒரு முறை முறைத்தார். முறைக்கட்டும். சிகரெட்டை விட்டு ரொம்ப நாளாச்சு என்று அவர் சொன்ன பொய்யையும் அதே மூச்சில் உடைத்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் ரத்த ரிசல்ட் வந்தது. ஈசிஜி நார்மல். ரத்தமும் நார்மல். காரோட்டி வந்த அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். என் கணவர் எழுந்து உட்கார்ந்து, "நாந்தான் சொன்னனே, கேஸுன்னு" என்று சட்டையைத் தேட ஆரம்பித்தார். வலியும் அதற்குள் குறைந்துவிட்டது. இரண்டு ஏப்பம் வேறு விட்டுக் காட்டினார்.

ஆனால் அந்த டாக்டர் பெண் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "இதயத் தசையில அடிபட்டா ட்ரோபோனின்னு ஒரு பொருள் ரத்தத்துல கசியும். அதைத்தான் பார்த்தோம். ஆனா அது ஏறுறதுக்கு நேரம் எடுக்கும். உங்களுக்கு வலி வந்து ஒரு மணி நேரங்கூட ஆகல. மூணு மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை எடுக்கணும். அப்பமும் ஏறலைன்னாத்தான் நிம்மதி. உங்க வயசு, சுகர், சிகரெட், அப்பா போன விதம் எல்லாத்தையும் கூட்டிப் பார்த்தா நீங்க நடுவுல நிக்கீங்க. பயப்படுற அளவுக்கும் இல்ல, வீட்டுக்கு அனுப்புற அளவுக்கும் இல்ல."

மூன்று மணி நேரம் காத்திருந்து, அப்புறம் மூலனூர் போய்ச் சேர்வது என்றால் முகூர்த்தம் போச்சு. அண்ணன் என்னைத் தனியாக அழைத்தார்.

"அம்மிணி, டாக்டரே நார்மல்னுதான சொல்றாங்க? எழுதியே குடுத்துட்டாங்க பாரு. அங்க ஊரே வந்து உக்காந்திருக்குது. மாமன் இல்லாம அந்தப் புள்ளைக்கு எப்படிக் காது குத்தறது? முகூர்த்தத்த முடிச்சுப்போட்டு மத்தியானம் நேரா இங்கயே கூட்டியாந்துரலாம். நானாச்சு."

அந்தக் குரல் எனக்குப் பழக்கமான குரல். இங்கே என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் துணி டெஸ்டிங் லேபில் இருக்கிறேன். துணி சுருங்குமா, சாயம் போகுமா, தைத்த பிறகு கோணிக்கொள்ளுமா என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்வது என் வேலை. துணியில் சதுரமாகக் கோடு போட்டு, துவைத்து, காயவைத்து, மறுபடி அளப்போம். முதல் தடவை துவைக்கும்போது சில துணிகள் பரம சாதுவாக இருக்கும். இரண்டாவது, மூன்றாவது தடவையில்தான் சுயரூபம் தெரியும். ஷிப்மெண்ட் நெருங்கினால் போதும், ஆர்டரை நேரத்துக்கு அனுப்பும் பொறுப்பிலுள்ள மெர்ச்சண்டைசர் பையன்கள் வந்து குழைவார்கள். "அக்கா, பர்ஸ்ட் வாஷ்லயே பாஸ் ஆயிருச்சுங்களே. மிச்சத்த அப்புறம் பாத்துக்கலாமுங்க. கையெழுத்து மட்டும் போட்டு உடுங்க அக்கா." நான் போட மாட்டேன். அதனால் கம்பெனியில் எனக்கு 'பெயில் அக்கா' என்றே பெயர். பெயரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

அண்ணன் பேசியதும் அப்படியே அந்தக் குழைவுதான். அவசரம் இருக்கிறவர்களுக்கு முதல் ரிசல்ட் எப்போதும் போதும்.

நான் உள்ளே வருவதற்குள் என் கணவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். "எங்க தங்கச்சிக்கு நான் ஒரே அண்ணன், புள்ள. அவ கண்ணுல தண்ணி வரலாமா?" என்றார். டாக்டர் பெண்ணுக்கும் வேறு வழியில்லை. "நான் கட்டிப்போட முடியாது. போயே ஆகணும்னா உங்க பொறுப்புல போறதா எழுதிக் கொடுத்துட்டுப் போங்க" என்றார். அண்ணன் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார்.

நான் கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசற்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"கம்மல் எங்கிட்டத்தான் இருக்குது. ரெண்டாவது ரிப்போர்ட் வராம அது இந்த எடத்தத் தாண்டாது. கம்மல் இல்லாம வெறுங்கைய வீசிட்டுப் போறதுன்னா போங்க."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். டாக்டர் பெண் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார், சிரித்தாரோ என்னவோ. "ஏம்புள்ள, இது என்ன அக்கிரமம்?" என்றார் என் கணவர். அக்கிரமம்தான். வெறுங்கையோடு போய் அவர் தங்கை முன்னால் நிற்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். அவர் மறுபடி கட்டிலில் சாய்ந்தார், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு.

அப்புறம் போன் வர ஆரம்பித்தது. முதலில் பரிவாகத்தான் பேசினாள் என் நாத்தனார். ரிசல்ட் நார்மல் என்று காரோட்டி வந்த அண்ணன் அவளிடம் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு பேச்சு மாறிவிட்டது. "எல்லாம் நார்மலுன்னு சொன்னப்பொறவும் எங்கண்ணன நீங்கதான் புடிச்சு வெச்சிருக்கறீங்களாம். எம்புள்ளைக்குக் காது குத்தறது உங்களுக்குப் புடிக்கலைன்னா மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்க அண்ணி" என்றாள். பின்னால் மேளம் கேட்டது. அந்தக் குழந்தைக்குப் பட்டுப் பாவாடைக்குக் கலர் தேடி மூன்று கடை ஏறி இறங்கியவள் நான். "சாமி சத்தியமா அப்படி இல்ல கண்ணு" என்றேன். அவள் வைத்துவிட்டாள்.

உண்மையைச் சொன்னால், அந்தக் காத்திருப்பில் எனக்கும் ஒரு பயம் வந்தது. இரண்டாவது ரிசல்ட்டும் நார்மல் என்று வந்துவிட்டால்? ஆயுசுக்கும் நான்தான் காதுகுத்தைக் கெடுத்தவள். எந்த விசேஷத்துக்குப் போனாலும் இதைச் சொல்லிக் காட்டுவார்கள். நார்மல் வர வேண்டும் என்று வேண்டுவதா, இல்லை வேறு எதை வேண்டுவது? கொஞ்ச நேரம் குழம்பிப்போய் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் தெளிந்துவிட்டேன். மூன்றாவது வாஷிலும் முக்கால்வாசித் துணி பாஸ்தான் ஆகும். அதற்காக வாஷே வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கிறேனா? நார்மல் வந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு போய் எல்லார் வாயிலும் விழுந்து எழலாம். அவர் இருந்தால்தானே திட்டு வாங்குவதற்கும் நாதி உண்டு. நார்மலே வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

சொன்ன நேரத்துக்கு இரண்டாவது ரத்தம் எடுத்தார்கள். அது வருவதற்குள் அண்ணன் இரண்டு தடவை டீ குடித்துவிட்டு வந்தார். எனக்கும் ஒன்று வாங்கி வந்து நீட்டினார்.

ரிசல்ட்டோடு டாக்டர் பெண் வந்த வேகத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. முதல் தடவை இருந்ததைவிடப் பல மடங்கு ஏறியிருந்தது. மறுபடி எடுத்த ஈசிஜியிலும் ஏதோ மாறியிருந்தது. "இது ஹார்ட் அட்டாக்தான். இப்பமே உள்ள கொண்டுபோறோம்" என்றார். இதய டாக்டர் வந்தார். அண்ணன் நீட்டிய அதே பேனாவில்தான் ஆஞ்சியோவுக்குச் சம்மதக் கையெழுத்துப் போட்டேன். தள்ளுவண்டியில் போகும்போது என் கணவர் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்ட மனுஷன், அப்போது விடவே இல்லை. "நீ இங்கயே இரு புள்ள" என்றார். எங்கே போவேன் நான்!

இதயத்துக்குப் போகிற பெரிய ரத்தக்குழாய் ஒன்று, ஒரு நூல் நுழைகிற அளவுக்குத்தான் திறந்திருந்ததாம். ஸ்டென்ட் வைத்தார்கள். இதய டாக்டர் வெளியே வந்து, "சரியான நேரத்துல சரியான எடத்துல இருந்திருக்காருங்க" என்றார். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் உட்கார்ந்து சத்தமாகவே அழுதேன். அண்ணன் டாக்டர் பெண்ணைப் பார்த்துக் கும்பிட்ட கையை இறக்கவே இல்லை.

மத்தியானம் என் நாத்தனார் வந்தாள். கல்யாணப் புடவை, கலைந்த தலை, இடுப்பில் குழந்தை. குழந்தை காதைப் பார்த்தேன். குத்தவில்லை. மாமன் வராமல் குத்தமாட்டேன் என்று சபையில் சொல்லிவிட்டாளாம். வந்தவர்களுக்கெல்லாம் விருந்தைப் போட்டு அனுப்பிவிட்டு வந்திருக்கிறாள். நேராக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காலையில் பேசியதைப் பற்றி அவளும் பேச்செடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. என் கையைப் பிடித்தாள்.

"உள்ள கொண்டுபோனது எத்தன மணிக்குங்க அண்ணி?"

"பத்து இருக்கும்" என்றேன்.

"அங்க வந்திருந்தா, அந்நேரம் எம்புள்ள அண்ணன் மடியில இருந்திருப்பாளுங்க" என்றாள். குழந்தையை என் மடியில் இறக்கிவிட்டு, கொண்டுவந்த தூக்குப்போசியைத் திறந்தாள். "காலையில இருந்து ஒண்ணும் தின்னிருக்க மாட்டீங்க. மொதல்ல சாப்புடுங்க" என்றாள். நாற்காலியிலேயே காலை மடக்கி உட்கார்ந்து விருந்துச் சோறு சாப்பிட்டேன். அவ்வளவு ருசியாக நான் எந்தப் பந்தியிலும் சாப்பிட்டதில்லை.

ஆவணியில் அதே கோயிலில், அதே மாமன் மடியில் காது குத்தினோம். சிகரெட்டைத் தொலைத்து, கொஞ்சம் இளைத்துப்போய், அதே பட்டுச் சட்டை தொளதொளக்க உட்கார்ந்திருந்தார். குழந்தை ஊசியைப் பார்த்துக் கத்திய கத்தலில் கோயில் புறாவெல்லாம் பறந்துவிட்டன. "கம்மல் எங்கீங்க?" என்று ஆசாரி கேட்டார். உடனே அண்ணன் சபை நடுவே எழுந்து, "அத எங்க அம்மிணிகிட்டக் கேளுங்க. லேசுல தராது!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் கைப்பையைத் திறந்து டப்பாவை எடுத்து என் கணவர் கையில் கொடுத்தேன்.

லேபில் இன்றைக்கும் நான் பெயில் அக்காதான். ஒரு சோதனை நார்மல் என்று சொன்னால், எந்த நேரத்துக்கு நார்மல் என்று கேட்பதை நான் விடவில்லை. வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் கேட்கிறேன். லீவுக்கு வரும்போதெல்லாம் அந்தக் குட்டி ஓடிவந்து மாமன் மடியில் ஏறிக்கொள்கிறாள், காதில் அந்தக் கம்மல் ஆடுகிறது. தாம்பாளம் தாம்பாளமாக நான் அவளுக்கு எவ்வளவோ சீர் செய்திருக்கலாம். ஆனால் அன்றைக்கு அந்தக் கம்மலைக் கொடுக்காமல் கைப்பையில் அமுக்கி வைத்துக்கொண்டதுதான் நான் அவளுக்குச் செய்த பெரிய சீர் என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றுகிறது.