அணுவின் குறையைச் சொல்லாதை, பிள்ளை

கிளிநொச்சியில் நடந்த பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சியில் மகளுக்குக் கிடைத்த தலைப்பு, ஆரம்பகால அணு மாதிரியுருக்களின் நிறைகளும் குறைகளும். போன வருடம் பாதியிலேயே பேச்சு வராமல் அழுதுகொண்டு மேடையை விட்டு இறங்கியவள். இந்தமுறையாவது முழுதாகப் பேசி முடிப்பாளா என்பதுதான் வீட்டின் கவலை. எனக்கு அது சற்று அதிகம்.

மூன்று மாதிரியுருக்கள் செய்தாள். முதலாவது பிள்ளைகள் உருட்டி விளையாடும் கண்ணாடிப் போளை: பிரிக்க முடியாத கெட்டி உருண்டை. இரண்டாவது சர்க்கரைப் பொங்கல் உருண்டை. இலத்திரன்களாக முந்திரிகை வற்றல். மூன்றாவதில் நடுவே கரு, சுற்றிவரக் கம்பி வளையங்களில் மணிகள்.

"உந்தப் பொங்கல் உருண்டையிலை கை வைக்காதேங்கோ. ஏற்கெனவே ரெண்டு இலத்திரனைக் காணேல்லை" என்றாள் மனைவி என்னைப் பார்த்து.

பேச்சுக்குப் பயிற்சி கொடுத்தது நான். போர்க்காலத்துச் சோதனைச்சாவடிகளில் மறுமொழி சொல்லி நின்று நின்று எனக்குப் பழகிப்போனதையே சொல்லிக்கொடுத்தேன்.

"கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லு. குறையை நீயாய்ச் சொல்லாதை. தெரியாது எண்டு மட்டும் சொல்லிப்போடாதை, திருப்பித் திருப்பிக் கேப்பினம்."

"அப்பா, தலைப்பிலேயே குறை இருக்கே!"

"இருக்கட்டும்."

"அணுவுக்கும் அடையாள அட்டை கொண்டு போகோணுமோ?"

குசினிக்குள் மனைவி சிரித்தது கேட்டது.

கண்காட்சியன்று மண்டபத்தின் பின்னால் நின்றேன். எங்கோ ஒரு பலூன் வெடிக்க, பாதி குனிந்துவிட்டேன். "செருப்பு அறுந்து போச்சோ, அண்ணை?" என்றார் பக்கத்தில் நின்றவர். ஓம் என்றேன்.

மகள் தொடங்கினாள். மூலகங்கள் ஏன் குறித்த விகிதத்தில் சேருகின்றன என்பதைப் போளை விளக்கியது, ஆனால் உள்ளே என்ன இருக்கிறதென்று அது சொல்லவில்லை என்றாள். பொங்கல் உருண்டை இலத்திரன்களுக்கு இடம் கொடுத்தது. நேரேற்றமும் மறையேற்றமும் சமன் என்றது.

"ஆனால் பொற்றகட்டிலை அல்பாத் துணிக்கைகளை விட்டுப் பாக்க, கனக்க நேரை போச்சுது, ஒண்டிரண்டு திரும்பி வந்துது. பொங்கலிலை பட்டுத் திரும்பி வருமே, ரீச்சர்?"

நடுவராக இருந்த வயதான ஆசிரியை சிரித்துவிட்டார். பிறகு மூன்றாவதைக் காட்டிக் கேட்டார்: "சுத்துற இலத்திரன் சக்தியை இழந்து கருவுக்குள்ளை விழவேணுமே. ஏன் விழேல்லை?"

மகள் ஒரு கணம் நின்றாள். போன வருடமும் இப்படித்தான் நின்றாள்.

"இந்த மாதிரியுருவுக்கு அது தெரியாது, ரீச்சர்."

அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

"பேந்து?" என்று ஆசிரியை மேலும் கேட்டார்.

"அதுதான் இதின்ரை குறை. கரு இருக்கெண்டு சரியாய்ச் சொல்லிச்சுது. இலத்திரன் ஏன் விழேல்லை எண்டு சொல்லேலாமல் போச்சுது. அதாலைதான் பிறகு வேறை மாதிரியுரு தேடினவை."

"காலமையிலையிருந்து எல்லாரும் அணுவுக்குப் புகழ்மாலைதான் போடுகினம்" என்றார் ஆசிரியை. "நீர் சொல்லும், பிள்ளை."

அவள் நிற்காமல் சொல்லி முடித்தாள். கைதட்டல் அடங்கமுன்னரே நேராக என்னிடம் வந்தாள்.

"முடிஞ்சுது, அப்பா. இனி மூச்சு விடுங்கோ."