ஹெப்சி டாக்டரின் வலது கை

மைக்ராஸ்கோப்பில் குனிந்தபடியே ஹெப்சி டாக்டர் நாக்கு நுனியால் தன் கன்னத்தின் உட்புறத்தைத் துழாவிக்கொண்டிருக்கிறார். ஸ்லைடில் இருப்பது யாருடைய வாய்ச் சதையானாலும் அவருடைய நாக்கு தன் வாயில் அதே இடத்தைத் தேடிப் போய்விடும். ஈறென்றால் ஈறு, அண்ணமென்றால் அண்ணம். பார்த்து முடித்ததும் தலையை நிமிர்த்தாமலேயே வலது கையை உயர்த்தி, ஈ விரட்டுவதுபோல இப்படியும் அப்படியும் ஆட்டுவார். வராந்தா பெஞ்சில் காத்திருப்பவருக்கு அது போதும். ஒன்றுமில்லை, சாதாரணக் கட்டிதான், வீட்டுக்குப் போகலாம். ரிப்போர்ட்டைப் படிக்கத் தெரியாதவர்கள்கூட அந்தக் கையைப் படித்துவிடுவார்கள்.

ஆம்பூரில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருக்கிறது அவருடைய லேப். பள்ளிகொண்டாவிலிருந்து ஜோலார்பேட்டை வரை பல் டாக்டர்கள் வெட்டியெடுக்கும் வாய்ச் சதையெல்லாம் மருந்துத் தண்ணீர் டப்பாவில் மிதந்துகொண்டு இங்கேதான் வந்து சேரும். உதவிக்கு இருக்கும் சங்கீதா அதை மெழுகில் பதித்து, மெலிசாகச் சீவி, சாயமேற்றிக் கொடுப்பாள். தோலைச் சீவிச் சாயமேற்றிப் பிழைக்கிற ஊரில் நாமும் அதைத்தானே செய்கிறோம் என்று டாக்டர் முன்பெல்லாம் சொல்லிச் சிரிப்பார். இப்போது சொல்வதில்லை.

சாதுவான கட்டிகள் என்றால் அவருக்குக் கொள்ளைப் பிரியம். ஷூ கம்பெனியில் தைக்கிற பெண்கள் நூலை வாயாலேயே கடித்து அறுப்பார்கள். கீழுதட்டில் எச்சில் தேங்கிக் கொப்புளமாக நிற்கும். பிள்ளைத்தாய்ச்சிகளின் ஈறில் சிவப்பாகத் தொங்கும் சதைக்குள் ரத்தக்குழாய்களைத் தவிர வேறொன்றும் இருக்காது. பல்லில் கடிபட்டுக் கடிபட்டுத் தடித்துப்போன கன்னத்துக் கட்டியோ உள்ளே நார் நாராக, சிக்கு விழுந்த நூல்கண்டு. மேலே தோல் ஒழுங்காக மூடியிருக்கும், அணுக்கள் வரிசை கலையாமல் நிற்கும். "பாரேன், எவ்ளோ அடக்கமா உக்காந்திருக்கு!" என்று சங்கீதாவைக் கூப்பிட்டுக் காட்டுவார். சர்ச்சிலும் பாடுகிறவர்களின் வாய்க்குள் பார்த்துக்கொண்டே பாட்டைக் கோட்டை விடுகிறாள் என்பது டாக்டரின் கணவர் தேவானந்தத்தின் நீண்டநாள் புகார்.

அவரைப் படுத்துவது மரு மாதிரி வளர்பவை. மேலே விரல் விரலாக நீட்டிக்கொண்டு பார்க்கப் பரம சாதுவாக இருக்கும். அடியில் தசைக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால்தான் சாதுவா, எமனா என்று சொல்ல முடியும். அடிவரை வெட்ட இங்கே யார் விடுகிறார்கள்? கத்தி பட்டால் பரவிவிடும் என்ற பயம் இந்தப் பக்கத்து வீடுகளில் குடும்பத்தில் ஒருவராகவே இருந்து சாப்பிடுகிறது. சண்டை போட்டு ஓய்ந்த பல் டாக்டர்களும் மேலாகக் கிள்ளி அனுப்பிவிடுகிறார்கள். "கூரையைக் காட்டிட்டு வீட்டுக்குள்ள யாரு இருக்கான்னு கேக்கறாங்க சங்கீதா. நான் எங்க போய்ச் சொல்றது?"

மாதனூர் கெங்கம்மாளின் துண்டும் அப்படி வந்ததுதான், போன தை மாதம். ஷூவுக்குப் பசை தடவுகிற வேலை. பசை நெடி தெரியாமலிருக்கக் கன்னத்தில் புகையிலை அடக்கிக்கொள்வாள். அடக்கிய இடத்திலேயே வெள்ளையாக, காலிஃபிளவர்போல ஒன்று முளைத்திருந்தது. வந்த துண்டில் கெடுதலாக எதுவும் தென்படவில்லை. அடியும் தென்படவில்லை. டாக்டர் அன்றைக்குக் கையை ஆட்டவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"இதுல தெரிஞ்ச வரைக்கும் சாதா கட்டிதாம்மா. ஆனா அடியில இருந்து இன்னொரு வாட்டி எடுத்துப் பாத்தே ஆகணும்."

"இன்னா டாக்டரம்மா, சாதா கட்டின்னு நீங்களே சொல்லிட்டு மறுபடி கத்தி வெக்கச் சொல்றீங்க? எங்க நாத்தனாருக்கு அப்டித்தான் வெச்சாங்க. பரவி, வருசம் திரும்பறதுக்குள்ள போய்ட்டா."

"கத்தியால பரவல்லம்மா. அவங்க லேட்டா வந்திருப்பாங்க."

"ஜாஸ்தி பேஜார் பண்ணாதீங்க டாக்டரம்மா. நான் வர்றேன், கம்பெனி பஸ்ஸு போய்டும்."

போய்விட்டாள். 'சாதா கட்டி' என்ற சொல்லை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு, அதே புகையிலையை அதே கன்னத்தில் அடக்கிக்கொண்டு போய்விட்டாள். சங்கீதா எத்தனையோ தடவை போன் செய்து பார்த்தாள், எடுக்கவில்லை.

வாய் திறக்க வராமல், சோறு இறங்காமல் போன பிறகுதான் ஆழமாக வெட்டச் சம்மதித்திருக்கிறாள். அந்தத் துண்டுதான் இப்போது மைக்ராஸ்கோப்பின் கீழே இருக்கிறது. இந்தத் தடவை அடி இருக்கிறது. மேலே அதே சாது விரல்கள். கீழே தசையை முட்டித் தள்ளிக்கொண்டு இறங்கியிருக்கிறது. ஓரங்களில் வரிசை உடைந்து, அணுக்கள் கூட்டம் கூட்டமாகத் தசைக்குள் புகுந்துவிட்டன. டாக்டரின் நாக்கு தன் கன்னத்தில் அந்த இடத்திலேயே அசையாமல் நிற்கிறது.

அவருக்கு மனசே விட்டுப்போகிறது. என்ன படித்து என்ன? கத்தி எவ்வளவு ஆழம் போகிறதோ அவ்வளவுதான் அவருடைய படிப்பும். இனி நாளைக்கு கெங்கம்மாளுக்கு ஒன்று ஆகிவிட்டால் மாதனூரில் என்ன பேசிக்கொள்வார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். கத்தி வைத்தார்கள், பரவிவிட்டது. அடுத்து வருகிறவளும் மேலாகக் கிள்ளத்தான் விடுவாள்.

திறந்த கதவுக்கு வெளியே பெஞ்சின் நுனியில் கெங்கம்மாள் முந்தானையால் கன்னத்தை அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் இருப்பவளிடம் பல்லிடுக்கால் கேட்கிறாள், "அந்தக் கைய ஆட்னாங்கன்னா ஒண்ணுமில்லதான?"

"ஆமாக்கா. எனக்கு இப்பதான் ஆட்னாங்க."

அதற்குப் பிறகு கெங்கம்மாளின் கண் அந்தக் கையைவிட்டு நகரவில்லை.

இத்தனை வருடப் பழக்கம். ஸ்லைடைப் பார்த்து முடித்ததும் குனிந்த தலை நிமிராமலேயே வலது கை மேசையிலிருந்து தானாக எழும்பியது. கெங்கம்மாள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, திறக்க வராத வாயால் சிரிக்கப் பார்த்தாள்.

ஹெப்சி டாக்டர் இடது கையால் அந்தக் கையைப் பிடித்து இறக்கி, மடியில் வைத்து அழுத்திக்கொண்டார்.