நீண்ட ஜெபத்தில் ஒரு பயிற்சி

ஈஸ்டர் பாட்டில் ஒரு அல்லேலூயா உண்டு. ஏணி வைத்து ஏறுவதுபோல் ஏறும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஆலயப் பாடகர் குழுவின் முன்வரிசையில் நின்று அதைப் பாடியவள் நான். போன வருடம் அதன் உச்சியைத் தொட்டபோது சேலைக்குள் ஈரமானது. தும்மினால், சிரித்தால் சிறுநீர் கசிவது அதுவரை வீட்டோடு இருந்தது. இப்போது ஆலயத்துக்கும் கூடவே வந்துவிட்டது. அடுத்த வாரமே கதவோரத்துப் பெஞ்சுக்கு மாறினேன். மறுபடியும் முன்வரிசையில் நின்று பாட வேண்டும் ஆண்டவரே என்பதுதான் அதன்பின் என் ஜெபம்.

சாத்தான்குளத்து மதினி விஷயம் கேட்டு, பூசணிவிதைச் சத்து என்று ஒரு டப்பா மாத்திரை கொண்டுவந்தாள். பக்தியோடு விழுங்கினேன். கசிவு அப்படியே இருந்தது. பிறகு பெண் டாக்டரிடம் போனேன். இரத்தத்தில் வைட்டமின் டி குறைவு என்று அதற்கு மட்டும் மருந்து எழுதி, பிசியோதெரபி செய்யும் பெண்ணிடம் அனுப்பினார். அந்தப் பிள்ளை டப்பாவைப் பார்த்துவிட்டு, "இது ஒங்களுக்குப் பதிலா இறுக்காதும்மா, நீங்கதான் இறுக்கணும்" என்றாள்.

சிறுநீரை அடக்குவதுபோல் கீழிருந்து மேலே இறுக்கி, கொஞ்சம் பிடித்து, முழுசாக விட வேண்டும். மூச்சை மட்டும் அடக்கக் கூடாது. உட்கார்ந்த இடத்திலேயே செய்யலாம், யாருக்கும் தெரியாது என்றாள்.

வீட்டில் அடுப்பும் காலிங் பெல்லும் உட்கார விட்டால்தானே. நான் அசையாமல் உட்காருகிற ஒரே இடம் ஆலயம். எங்கள் சபைப் போதகரான ஐயரோ, துறைமுகத்துக் கப்பல்களையும் உப்பளத்து வேலையாட்களையும் தனித்தனியே ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்து நீளமாக ஜெபிக்கிறவர். கப்பலுக்கு இறுக்குவேன், உப்பளத்துக்கு விடுவேன். ஜெபத்தையும் விடவில்லை. ஆண்டவர் தந்த உடம்பை அவர் முன்னாலேயே சரிசெய்வதில் எனக்குத் தப்பொன்றும் தெரியவில்லை.

யாருக்கும் தெரியாது என்றவள் என் முகத்தைப் பற்றி யோசிக்கவில்லை.

ஒருநாள் பெண்கள் சங்கக் கூட்டத்தில் ஐயரின் மனைவி, நாங்கள் ஐயரம்மா என்போம், நம் சபையில் ஒரு சகோதரி பெரிய பாரத்தோடு இருக்கிறாள், பேர் வேண்டாம், ஜெபியுங்கள் என்றார். யாரோ எவரோ என்று எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. எல்லாரையும்விடச் சத்தமாக ஜெபித்தேன். மருமகள் தொல்லையாக இருக்கும் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லவும் செய்தேன்.

எல்லாரும் மக்ரூன் தின்று கலைந்தபின் ஐயரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒங்களுக்காகத்தான் ஜெபிச்சோம். ஆலயத்துல கண்ணை மூடிட்டு நீங்க படுத பாட்டைப் பாக்க முடியல. வீட்டுல அண்ணாச்சி எதுவும் சொல்லுதாங்களா?"

வாயில்லாப் பூச்சியான என் வீட்டுக்காரரைக் காப்பாற்றவாவது உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. கப்பலையும் உப்பளத்தையும் கேட்ட ஐயரம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்தவர் சட்டென்று முழங்கால்களைச் சேர்த்து இறுக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏளா, சிரிக்க வச்சிராத. எனக்கும் இதே பாடுதான்."

அதுவரை என்னை நீங்க என்றே பேசியவர் அவர்.

அன்றே அவருக்கும் சொல்லிக்கொடுத்தேன். அதன்பின் ஆலயத்தில் ஒரு கண்ணைத் திறந்தே ஜெபித்தேன்; என் முகம் கோணினால் எதிர்ப் பெஞ்சிலிருந்து தன் நெற்றியைத் தடவிக் காட்டுவார். முகத்துக்கு இதில் வேலையில்லை என்று அர்த்தம். மாதங்கள் போகக் கசிவு குறைந்தது. பெரிய தும்மலுக்கு மட்டும் இன்னும் பயம் உண்டு.

இந்த ஈஸ்டருக்கு முன்வரிசையில் நின்றேன். அல்லேலூயா ஏறத் தொடங்குமுன் கீழே இறுக்கிக்கொண்டு, மேலே வாயைத் திறந்தேன். உச்சி வந்தது. ஈரம் இல்லை. எதிரே ஐயரம்மா நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார். சுருதி இறங்காமல் நெற்றிச் சுருக்கத்தை மட்டும் இறக்கினேன்.