சோடி இல்லாத சனிக்கிழமை

“சனி. எபினே மண்டபம். போட்டிக்குப் போகவில்லை.” 2014 நவம்பர் நாட்குறிப்பில் இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். அதற்கு மேல் எழுதியிருந்தால் பேனா தாளைக் கிழித்திருக்கும்.

அக்காவின் மகள் பனித்தளத்தில் சோடியாகச் சறுக்கி ஆடுபவள். கூட ஆடிய பிரெஞ்சுப் பையன் அவளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு சுழல்வான். 2009 இலிருந்து விடியற்காலைகளில் அவளைத் தளத்துக்குக் கூட்டிப்போனவன் நான். அந்தச் சனிக்கிழமை தேறினால்தான் இருவரும் தேசியப் போட்டிக்குப் போகலாம்.

லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில், அத்தானின் பலசரக்குக் கடையில் வைத்துத்தான் எனக்குச் சொன்னார்கள்: அதே சனிக்கிழமை அவளுக்குச் சாமத்தியச் சடங்கு. அவள் பெரியவளாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. கனடாச் சொந்தங்கள் வரட்டும் என்று தள்ளிப்போட்டு வந்த சடங்கு அது.

“ரெண்டு வருசம் பொறுத்தனீங்கள், இன்னும் ரெண்டு கிழமை பொறுக்க ஏலாதோ, அத்தான்?”

“மண்டபம் அண்டைக்குத்தான் கிடைச்சது. அண்ணையாக்களும் டிக்கெட் எடுத்திட்டினம். நீர் தாய்மாமன், வந்து தண்ணி வார்த்தால் காணும்.”

“அப்ப போட்டி?”

“அடுத்த வருசமும் வரும்தானே. பெடியன் ஒருத்தன் இடுப்பிலை பிடிச்சுத் தூக்கிறதுக்கு என்ன அவசரம்?”

“சனமும் கதைக்குது, தம்பி,” என்றாள் அக்கா, கருவேப்பிலையைக் கட்டிக்கொண்டே.

மருமகள் பிரெஞ்சில், “ஏ லுயி?” என்று மட்டும் கேட்டாள். அப்போ அவன்? அக்கா அடுத்த கட்டுக்குக் கருவேப்பிலையை எடுத்தாள்.

தனியாக ஆடுபவளென்றால் இழப்பு அவளோடு போகும். சோடியில் ஒருவர் வராவிட்டால் மற்றவருக்கும் போட்டி இல்லை. இதை அத்தானுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னேன். “அவையள் வேறை பிள்ளையைப் பிடிப்பினம்,” என்றார், கடைக்கு ஆள் மாற்றுவதுபோல.

சடங்கன்று மண்டபத்தில் செயற்கைப் புகை விட்டார்கள். புகைக்குள்ளிருந்து பல்லக்கு வந்தது. உள்ளே மருமகள். தூக்கி வந்தவர்கள் நான்கு பெடியன்கள். கனடாச் சொந்தங்கள் படம் எடுக்க, அத்தான் எழுந்து நின்று கைதட்டினார். என் கையில் தண்ணீர்ச் செம்பு இருந்தது. அதை அவர் தலையில் கவிழ்க்காமல் விட்டதற்கு இன்றும் வருந்துகிறேன்.

அதன்பின் அவள் சறுக்குச் சப்பாத்தைக் கட்டவில்லை. பையன் வேறு நகருக்குப் போய்விட்டான்.

அந்தச் சனிக்கிழமை அவன் போட்டி உடையோடு தளத்துக்கு வந்து, இறங்க விடாததால் கரையிலேயே நின்றான் என்று சறுக்குக் கழகத்தில் ஆடும் வேறொரு பிள்ளையின் தாய் சொன்னார். அவன் வரவேயில்லை என்கிறார் பயிற்சியாளர். எது உண்மை என்று என்னால் இன்னும் உறுதிப்படுத்த முடியவில்லை.